தோட்டத்து ஊரில் வரைபடப் பட்டறை: எங்கிருந்து தொடங்குவது

ஃபாஸ்ஃபோர்ஜி (திறமூல வரைபட மென்பொருள்களுக்கான உலக மாநாடு) போன்ற பெரிய மாநாடுகளில் உரைகளுக்கு முன்பே கைப்பயிற்சிப் பட்டறைகளை வைத்துவிடுவார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் சின்னதாக நடத்தினாலும் அப்படியே செய்யுங்கள். முதல் நாள் தன் கையால் ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தவருக்கு மறுநாள் மேடையில் பேசுவது புரியும்.

கியூஜிஐஎஸ் என்பது கணினியில் வரைபடம் போடும் இலவச மென்பொருள். ஆனால் பட்டறைக்கு "கியூஜிஐஎஸ் அறிமுகம்" என்று தலைப்பு வைக்காதீர்கள், எதுவும் மனதில் தங்காது. ஒரு கேள்வி வையுங்கள்: ஆற்றிலிருந்து 100 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் இருக்கின்றன? வெள்ளம் வந்த ஊர்க்காரர்களுக்கு இது வெறும் பயிற்சி இல்லை. தரவை ஏற்றுவது, பஃபர் போடுவது (ஆற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை வரைவது), அச்சிடுவது எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும். பஃபர் போடும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். தரவு டபிள்யூஜிஎஸ் 84-இல் (அட்சரேகை, தீர்க்கரேகையில் இடத்தைச் சொல்லும் முறை) இருந்தால் தூரத்தின் அலகு டிகிரி என்று நிற்கும், 100 என்று அடித்தால் அது 100 டிகிரி, திரை முழுக்க ஒரே நிறம்தான். அதை அவர்களே செய்து பார்க்கட்டும், அப்புறம் தீபகற்ப மலேசியாவுக்கான, மீட்டரில் அளக்கும் ஜிடிஎம் 2000 முறைக்கு (கியூஜிஐஎஸ்ஸில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 3375) மாற்றி மறுபடி போடச் சொல்லுங்கள். மீட்டர் கணக்கு ஏன் வேண்டும் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

இணையத்தை நம்பி இறங்காதீர்கள். கியூஜிஐஎஸ் நிறுவும் கோப்பே 1 ஜிபிக்கு மேல், முப்பது பேர் தமிழ்ப்பள்ளி வைஃபையில் ஒரே நேரத்தில் இறக்கினால் காலைப் பொழுது போச்சு. நீண்டகால ஆதரவுப் பதிப்பை பென் டிரைவில் கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே பதிப்பு. ஜியோஃபேப்ரிக் தளத்தில் மலேசியா, சிங்கப்பூர், புருணை சேர்ந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப் (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடம்) தரவு கிடைக்கும், அதில் உங்கள் வட்டாரத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கை வீட்டிலேயே திறந்து மின்னஞ்சலை உறுதி செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர், சாப்பாடு எல்லாம் வழக்கம்போல்தான்.

வெளியே நடந்து இடங்களைக் குறிக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். தோட்டத்துக்குள் போக மேனேஜரிடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும். நடந்துகொண்டே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் விவரம் சேர்க்க உதவும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி ஆண்ட்ராய்டு போனுக்கு மட்டும்தான், ஐபோன்காரர்களுக்கு எவ்ரி டோர் இருக்கிறது.

பெரியவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். படிவம் ஐந்து படிக்கும் பிள்ளை மௌஸைப் பிடிக்கட்டும், பால் மரம் வெட்டிய பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து "இதுதான் மேட்டு லயம், கோவில் அதுக்குப் பின்னால" என்று காட்டட்டும் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). செம்பனை வந்து, வீடமைப்புத் திட்டம் வந்து, பல டிவிஷன்களின் (தோட்டப் பிரிவுகளின்) பெயர் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இன்று தரையில் இருப்பதைத்தான் போட வேண்டும். இடித்துவிட்ட லயத்தை அதில் வரையக்கூடாது, கூகுள் மேப்ஸைப் பார்த்து நகலெடுக்கவும் கூடாது. இருக்கிற கோவிலுக்கும் பள்ளிக்கும் தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம், ஒவ்வொரு மொழிக்கும் தனி இடம் உண்டு. போய்விட்டவற்றுக்குக் கியூஜிஐஎஸ்ஸில் தனி அடுக்கு ஒன்று திறந்து, பெயர், சொன்னவர், எந்தக் காலம் வரை இருந்தது என்று பதியச் சொல்லுங்கள். மாநாட்டில் காட்ட இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

ஆறேழு பேருக்கு ஓர் உதவியாளர் வேண்டும். உதவியாளர் மௌஸைப் பிடுங்கிச் செய்துகொடுக்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேமிக்கும்போது மாற்றக் குறிப்பில் எல்லாரும் ஒரே ஹேஷ்டேக் போடட்டும். அடுத்த வாரம் ஒருவர் உட்கார்ந்து அதைத் தேடி, இணையாமல் நிற்கும் சாலைகளையும் இரண்டு முறை வரைந்த கட்டடங்களையும் சரிசெய்துவிட வேண்டும், வேறு ஊர் ஆட்கள் கருத்து எழுதியிருந்தால் பதிலும் போட வேண்டும்.