மலைப்பாதையில் குழந்தை வாந்தி: கையில் என்ன இருக்க வேண்டும்?

ஊட்டிப் பூங்காவில் எடுத்த சிரித்த முகப் படத்தைத்தான் எல்லோரும் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். கல்லாறு தாண்டி, குன்னூர் போவதற்குள் வரும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் நடந்ததை யாரும் வைப்பதில்லை!

இரண்டு வயது தாண்டிய குழந்தைகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். மேட்டுப்பாளையத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி கொடுத்துவிடுங்கள். ஏறும் முன் வயிறு முட்டப் பால் வேண்டாம்; வெறும் வயிறும் ஆகாது. வளைவு தொடங்கியதும் செல்போனை வாங்கி வையுங்கள். கண் திரையில் நிற்க, உடம்பு சுழல்வதால்தான் குமட்டுகிறது. முன் சீட்டில் மடியில் வைப்பது மட்டும் கூடவே கூடாது, ஏர்பேக் விரிந்தால் ஆபத்து.

நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை. மூடியுள்ள 2 லிட்டர் டப்பாவில் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், டிக்கியில் அல்ல. மாற்றுடை குழந்தைக்கு இரண்டு, மடியில் வைத்திருப்பவருக்கும் ஒன்று. இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

வாந்திக்குப் பின் உடனே டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். பத்து நிமிடம் கழித்து ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். மாத்திரை, சிரப் எதுவானாலும் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட்டில் கொட்டியதை அட்டையால் வழித்தெடுத்து, பச்சைத் தண்ணீரில் துடையுங்கள். வெந்நீர் ஊற்றினால் பால் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். ஈரத்தின் மேல் சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் தட்டிவிட்டால் நாற்றம் பெரும்பாலும் போய்விடும்.