சம்பளமில்லாமல் வேலை பழகப் போகிறவர்களுக்கு

போன கிழமை களுவாஞ்சிக்குடிப் பொடியன் ஒருவன் என்னிடம் வயரிங் வேலை கேட்டு வந்தான். எட்டு மாதம் ஓரிடத்தில் சும்மா பழகினானாம். "பழகினதுக்குக் கடிதம் எங்க மனே?" என்றேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது.

நேரத்துக்குப் போ, போனை நோண்டாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அதை வீட்டில் சொல்வார்கள். பழகப் போகிறவர்கள் விடுகிற நாலு பிழைகளைத்தான் சொல்கிறேன்.

கடிதம் இல்லாமல் தொடங்குவது

நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு வயரிங் பாஸிடம் பதினொரு மாதம் பழகினேன். தினமும் பஸ்ஸில் கல்லடிப் பாலம் தாண்டிப் போவேன். சுவர் வெட்டுவதில் தொடங்கி, ட்ரிப் சுவிட்ச் பூட்டுவது வரை வந்தேன். முதல் நாளே கடிதம் கேட்டேன். "நீ நம்மட பொடியன், உனக்கென்னத்துக்குக் கடிதம்?" என்றார். அந்த 'நம்மட'வில் மயங்கிவிட்டேன்.

பிறகு என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கப் போனேன். வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்களையும் மதிப்பீடு செய்து அந்தச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். முன் கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். ஆனால் எங்கே, எப்போது, என்ன வேலை செய்தாய் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். பாஸிடம் ஓடினேன். இரண்டு வரி எழுதித் தந்தார்: "இவரை எனக்குத் தெரியும். நல்ல ஒழுக்கமுள்ளவர்." திகதியும் இல்லை, வேலையும் இல்லை. கலியாணம் பேசத்தான் அது உதவும். வேறொருவரிடம் முதலிலிருந்து ஒரு வருடம் பழகினேன். அந்த வருடத்துக் கூலியை யார் தருவது?

ஆகவே தொடங்கும் திகதி, முடியும் திகதி, என்ன பழக்குவார் என்பதை முதல் கிழமையே எழுதி வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் வேறு பாஸைப் பாருங்கள். அன்றன்று செய்ததை எழுத எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் வேண்டும். என்னுடைய இரண்டாவது கொப்பியில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "ஆரையம்பதி, மூன்று அறை வீடு. லைட் பொயின்ட் 9, பிளக் 4. நியூட்ரல் மாறிப் போட்டேன், கழற்றச் சொன்னார்." கிழமைக்கொரு தரம் அதில் பாஸின் கையெழுத்தை வாங்குங்கள். பிழை விட்டதையும் எழுதலாம், வெட்கமில்லை.

முடிவில்லாமல் பழகுவது

தனியாக ஒரு வீட்டுக்கு வயர் இழுக்கிறீர்கள் என்றால் அது பழகுதல் இல்லை, வேலை. சம்பளம் கேட்க வேண்டும். பயிலுநருக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குச் சம்பளத்தில் முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும் கட்ட வேண்டும். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளியின் பொறுப்பு.

அஸ்வெசும அரசு உதவிப்பணம் வெட்டுப்படும் என்று ஒளிப்பது

லண்டனில் வேலையில்லாதவருக்கு அரசு காசு கொடுக்கிறது. அங்கே சும்மா வேலை செய்தாலும் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் கதையை இங்குள்ள அம்மாமார் கேட்டுவிட்டு, மகனைப் பின்வளவால் அனுப்புகிறார்கள். நம் நாட்டில் வேலையில்லாதவருக்கென்று அப்படியொரு கொடுப்பனவே கிடையாது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும குடும்பத்துக்கானது. வீடு, சொத்து, கல்வி, சுகாதாரம் என்று 22 குறிகாட்டிகளைப் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார்கள். கூலியில்லாமல் பழகுவது வருமானமா? அதிகாரிகள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

பஸ் காசு கேட்க வெட்கப்படுவது

கேளுங்கள். மதியச் சோற்றுப் பார்சலையும் சேர்த்து.