சிம்னி உடைந்தால் இன்சூரன்ஸ் பணம் வருமா? அமெரிக்காவில் முதல் வீடு வாங்கியவர்களுக்கு

நம்மூரில் சிம்னி என்றால் அடுப்புக்கு மேலே மாட்டும் மின்சாரப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில், அதுவும் மாசசூசெட்ஸ் பக்கம் பழைய வீடு வாங்கினால், கூரைக்கு மேலே செங்கல்லில் கட்டிய புகைபோக்கி நிற்கும். நாங்கள் வீடு பார்க்கப் போன அன்று அதை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. முதல் குளிர்காலம் முடிந்த மார்ச் மாதத்தில், விறகு எரித்துக் குளிர்காயும் கணப்படுப்புக்குள் உள்ளங்கை அகல ஓட்டுத் துண்டு ஒன்று விழுந்து கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கரி. உடைந்த விளிம்பு மட்டும் புதுப் பூந்தொட்டி நிறம். புகை போகும் பாதையின் உள்சுவரை லைனர் என்பார்கள்; அதிலிருந்து விழுந்த ஓடு அது. கிளெய்ம் போட்டோம். "இது தேய்மானம், பாலிசியில் வராது" என்று கடிதம் வந்தது. அதன் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதை, அடுத்து வீடு வாங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பாலிசியை எடுத்து வாசியுங்கள்

தனி வீடுகளுக்குப் பெரும்பாலும் எச்ஓ-3 என்ற வகைப் பாலிசிதான் இருக்கும். வீட்டோடு ஒட்டிய சிம்னி அதில் கட்டடத்துக்கான கவரேஜ் ஏ-வில் அடங்கும். தோட்டத்தில் தனியாகக் கட்டிய கணப்படுப்பு என்றால், வீட்டோடு ஒட்டாதவற்றுக்கான கவரேஜ் பி.

எது உடைந்தது என்பதை விட, எதனால் உடைந்தது என்பதைத்தான் கம்பெனி பார்க்கும். மரம் சாய்ந்தது, இடி விழுந்தது, புயல்காற்று செங்கலைப் பெயர்த்தது, சிம்னிக்குள்ளேயே தீப்பிடித்தது: இவை திடீரென்று நடப்பவை, பொதுவாகப் பணம் கிடைக்கும். சாந்து உதிர்வது, அஸ்திவாரம் இறங்கிச் சிம்னி சாய்வது, கூரையும் சிம்னியும் சேரும் இடத்தில் உள்ள ஃபிளாஷிங் தகடு துருப்பிடிப்பது எல்லாம் வயதானதால் வருபவை. இவற்றுக்குக் கிடைக்காது.

குளிர் ஊர்களில் சிம்னியை அதிகம் கெடுப்பது உறைபனிதான். செங்கல் தண்ணீரை உறிஞ்சும். இரவில் அந்தத் தண்ணீர் உறைந்து ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பகலில் உருகும், மறுபடி உறையும். இப்படியே பல குளிர்காலம் போனால் செங்கலின் முகமே செதில் செதிலாக உதிரும். கண்ணுக்கு நேற்று உடைந்தது போலத் தெரியும். கம்பெனியோ இது பல வருடச் சேதம் என்று சொல்லும், அது உண்மையும்தான்.

நிலநடுக்கம் வழக்கமான பாலிசியில் கிடையாது. 2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் 5.8 அளவில் நிலம் ஆடியபோது அந்தப் பக்கத்தில் பல வீடுகளின் சிம்னிகள் சேதமாயின. கலிபோர்னியாவுக்கு மட்டும்தான் அந்தக் கவலை என்று நினைக்காதீர்கள். பாலிசியோடு அதற்கென்று சேர்க்கும் தனி எண்டார்ஸ்மென்ட் (கூடுதல் கவரேஜ்) என்ன விலை என்று ஏஜென்டிடம் கேட்டு வையுங்கள்.

சேதம் வருவதற்கு முன்பே ஆதாரம் சேருங்கள்

இந்தப் படியைத்தான் நாங்கள் செய்யாமல் விட்டோம். எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம் என்பேன். அமெரிக்காவின் தீத்தடுப்புத் தரமான என்எஃப்பிஏ 211, சிம்னியை வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. சாதாரண வருடச் சோதனை லெவல் 1. வீடு கைமாறும்போதும், தீயோ புயலோ தாக்கிய பிறகும் லெவல் 2. அதில் கேமராவை உள்ளே இறக்கி லைனரைப் படம் எடுப்பார்கள். வீடு வாங்கும்போதே லெவல் 2 கேளுங்கள். "போன அக்டோபரில் லைனர் முழுசாக இருந்தது" என்று எழுத்தில் ஒரு அறிக்கை கையில் இருந்தால், தேய்மானம் என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சிம்னி பாதுகாப்பு அமைப்பான சிஎஸ்ஐஏ-வின் சான்றிதழ் உள்ள சிம்னி ஸ்வீப்பை, அதாவது சிம்னியைச் சுத்தம் செய்து சோதிப்பவரைத் தேடுங்கள்.

உடைந்த அன்று

முதல் வேலை, கணப்படுப்பை மூட்டாதீர்கள். லைனரில் வெடிப்பு இருந்தால் சூடும் கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் வரும். வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் புகையும் அதே சிம்னி வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள்; போகிறதென்றால் அதையும் நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் தரையில் நின்று போட்டோ எடுங்கள். கூரையில் நீங்கள் ஏற வேண்டாம். விழுந்த செங்கலைக் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். மழை உள்ளே இறங்காமல் தார்ப்பாய் போட்டு, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிப்படி உங்கள் கடமை. உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, லெவல் 2 சோதனைக்கு நாள் வாங்குங்கள். நிரந்தர ரிப்பேரை மட்டும், சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் வந்து பார்க்கும் வரை தொடாதீர்கள். அவர் வரும்போது ஸ்வீப்பையும் அங்கே இருக்கச் சொன்னால் நல்லது.

கணக்கு

ரிப்பேருக்கு 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டிடக்டிபிள், அதாவது நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, 2,000. பழைய சிம்னி என்று 1,500 தேய்மானம் கழிக்கிறார்கள். முதல் காசோலை 2,500தான் வரும். உங்களுடையது மாற்றுச் செலவு தரும் பாலிசி (பழசுக்குப் பதில் புதிது போடும் செலவைத் தருவது) என்றால், வேலை முடிந்து பில்லைக் காட்டியதும் அந்த 1,500 வரும். இதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. ரிப்பேர் செலவு டிடக்டிபிளை ஒட்டியே இருந்தால், கிளெய்ம் போடாமல் கையிலிருந்து கொடுப்பதே மேல். உங்கள் கிளெய்ம் விவரம், இன்சூரன்ஸ் கம்பெனிகள் பார்க்கும் கிளெய்ம் வரலாறான க்ளூ ரிப்போர்ட்டில் 7 வருடம் வரை நிற்கும்.

மறுத்தால்

எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்வீப்பின் அறிக்கையையும் பழைய போட்டோக்களையும் இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். ஃபிளாஷிங் தகட்டுக்குப் பணம் இல்லை என்றாலும், அதன் வழியே இறங்கிய தண்ணீர் கெடுத்த உள்கூரைக்குச் சில பாலிசிகளில் கிடைக்கும். அதைத் தனியாகக் கேளுங்கள். அதற்கும் சரியான பதில் இல்லை என்றால், உங்கள் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது.