படப் பெயர்களை வைத்துத் தமிழில் சொற்புதிர் அமைப்பது எப்படி?

ஜோஷ் வோர்டில் 2021 ஒக்டோபரில் பொதுவெளிக்குக் கொண்டுவந்து, அடுத்த ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் வாங்கிக்கொண்ட வேர்டில் விளையாட்டை, கொழும்பில் பல வட்ஸ்அப் குழுக்களில் விளையாடியிருப்பார்கள். மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். சரியான இடத்தில் உள்ள எழுத்து பச்சை, இடம் மாறியது மஞ்சள், இல்லாதது சாம்பல். இதையே தமிழ்ப் படப் பெயர்களுக்குப் பொருத்த விரும்புவோர் முதலில் விதியை ஓரளவு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உள்ளன, தமிழில் 247. எடுத்துக்காட்டாக, தர்மசேன பத்திராஜா இயக்கி 1977இல் வெளிவந்த 'பொன்மணி'யை விடையாக வைத்துக்கொள்வோம். பொ, ன், ம, ணி என நான்கு எழுத்துகள். ஒருவர் 'மாணவன்' என்று ஊகித்தால், பழைய விதிப்படி 'ன்' மட்டும் மஞ்சளாகும். மாவும் ணவும் சாம்பலாகிவிடும். விடையில் மகர, ணகர எழுத்துகள் இருந்தும், அவை இல்லை என்று அவர் எண்ணிவிடுவார். ஆகவே நான்காவதாக நீல நிறத்தைச் சேர்த்து, மெய் ஒன்றாகவும் உயிர் வேறாகவும் இருக்கும்போது அதை வழங்குங்கள். அப்போது மா, ண இரண்டும் நீலமாகும். நீலத்திலும் இடம் சரியா, தவறா என்று பிரித்துக்காட்டுவோர் உண்டு. என் கருத்தில் அது புதிரைக் கணக்குப் பாடமாக்கிவிடும்.

நிறமிடும் வரிசையில்தான் பெரும்பாலும் சண்டை வருகிறது. முதலில் பச்சைகளை இட்டு, பின்னர் மஞ்சள், கடைசியாக நீலம் என்று செல்ல வேண்டும். விடையின் ஓர் எழுத்தை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அதே விடைக்குக் 'கண்மணி' என்ற ஊகம் வந்தால், மவும் ணியும் பச்சையாகிவிடுவதால், ணகரம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. எனவே 'ண்' நீலம் பெறாமல் சாம்பலாகவே நிற்கும்.

பெயர்களைத் திரட்டுவதற்கு, பார்த்த படங்களைப் பதிந்து விமர்சனம் எழுதுவதற்கென 2011இல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட லெட்டர்பொக்ஸ்ட் தளம் உதவும். அங்கே ஒரு கணக்கைத் திறந்து, குழுவினர் பார்த்த படங்களைப் பட்டியலாக்கி, பிறர் காணாதபடி அதை அமைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் தமிழ்ப் படப் பெயர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருப்பதால், லகர ளகர வேறுபாடும் குறில் நெடிலும் அதிலிருந்து தெரியாது. சுவரொட்டியிலுள்ள எழுத்துகளைப் பார்த்து நீங்களே எழுதிக்கொள்வதே பாதுகாப்பானது. நம் நாட்டுப் படமொன்று அங்கே காணப்படாவிட்டால், அத்தளம் தகவல் பெறும் டிஎம்டிபி தரவுத்தளத்தில் எவரும் கணக்குத் தொடங்கி அதைச் சேர்க்கலாம். இந்தச் சிறு வேலையைச் செய்ய நம்மவர்கள் இன்னும் சிலர் முன்வரலாம்.

எழுத்துகளை எண்ணும் பொறுப்பை எக்செல்லிடம் விட வேண்டாம். 'பொன்மணி'யின் நீளத்தைக் கேட்டால் அது ஏழு என்று சொல்லும். யுனிகோட்டில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதே காரணம். விரல்விட்டு எண்ணி, நான்கெழுத்துப் பெயர்கள், ஐந்தெழுத்துப் பெயர்கள் எனப் பிரித்து வைத்தால் போதும். 'வாடைக்காற்று' போன்ற ஆறெழுத்துப் பெயர்களை விடுமுறை நாள்களுக்கு ஒதுக்கலாம்.

விளையாடும்போது ஊகங்களைக் குழுவில் இடாமல், புதிர் அமைப்பவருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் நிறக் கட்டங்கள் மட்டும் வரட்டும். மூன்று முயற்சிகளுக்குப் பிறகும் திணறுபவருக்கு, படம் வெளிவந்த ஆண்டையோ நீங்கள் எழுதிய ஒருவரி விமர்சனத்தையோ குறிப்பாகத் தரலாம். பிறருடைய விமர்சனத்தை அவர் பெயரின்றி எடுத்து ஒட்டுவது முறையன்று. விடை வெளியானதும், படத்தைப் பார்த்தவர்கள் அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் இட்டுத் தம் கருத்தை லெட்டர்பொக்ஸ்டில் பதியலாம். கதையின் முடிவைத் தொடும் விமர்சனமாயின், அதைத் தெரிவிக்கும் பெட்டியில் குறியிட்ட பின்னரே வெளியிட வேண்டும்.