நின்றுபோன ராக்கெட் கிட்டுக்காக ஏங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி ராக்கெட் செய்யும் இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "அந்தக் கிட்டை ஏன் நிறுத்தினார்கள்? மறுபடி விற்பனைக்கு வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்." ஒருவருக்கு அது 1969இல் வெளிவந்த மார்ஸ் லேண்டர். இன்னொருவருக்கு, முதுகில் சின்ன கிளைடரைச் சுமந்துபோய் மேலே பிரித்துவிடும் ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட். எனக்கு இன்டர்செப்டரின் முதல் பதிப்பு. அமெரிக்காவில் வேலைக்கு வந்த பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கு எனக்குப் பழக்கமானது. அட்டைக் குழாய், பால்சா மரத்தில் வெட்டிய ஃபின் என்னும் வால் இறக்கைகள், வால் பக்கம் செருகும் மருந்து அடைத்த சிறு மோட்டார், இறங்கி வர ஒரு பாராசூட். இவ்வளவுதான் ஒரு கிட். ஆனால் அதன் மீது வரும் ஏக்கம் பெரியது. அந்த ஏக்கத்தில் நல்ல கைத்திறன் உள்ளவர்கள்கூடப் பணத்தையும் சில நேரம் பாதுகாப்பையும் இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் தவறு, எல்லாக் கிட்டும் ஒரே காரணத்தால் நின்றன என்று நினைப்பது. கொலராடோ மாநிலத்தின் பென்ரோஸ் ஊரில் இருக்கும் எஸ்டீஸ் நிறுவனத்தின் பழைய கிட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைக் குழாயும் பால்சாவும் மட்டுமே கொண்ட கிட் என்றால் திரும்ப வரப் பெரிய தடை இல்லை. டெர் ரெட் மேக்ஸ் என்ற கிட் அப்படித்தான் நின்ற பிறகும் திரும்பி வந்தது. பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள கிட்டுக்கு அவற்றை வார்க்கும் அச்சு வேண்டும். அச்சு தேய்ந்திருந்தாலோ தொலைந்திருந்தாலோ புதிதாகச் செய்ய ஆகும் செலவை, சில நூறு ரசிகர்கள் வாங்கி ஈடுகட்ட முடியாது. 1970களில் வந்த ஸ்டார் டிரெக், ஸ்டார் வார்ஸ் ராக்கெட்டுகளுக்குப் படத் தயாரிப்பாளரின் உரிமமும் வேண்டும்; அது முடிந்ததும் நிறுவனமே விரும்பினாலும் விற்க முடியாது. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் இயங்கிய செஞ்சுரி என்ற இன்னொரு ராக்கெட் கிட் நிறுவனம் எஸ்டீஸுடன் சேர்க்கப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் அந்தப் பெயரே மறைந்தது. உங்கள் கிட் இவற்றில் எந்த வகை என்று தெரிந்துகொண்டால், காத்திருப்பதா, நாமே செய்வதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது, பொறுமையில்லாமல் பெருந்தொகை கொடுத்துப் பிரிக்காத பழைய பாக்கெட்டை வாங்குவது. நிலவுக்கு ஆட்களைக் கொண்டுபோன ராக்கெட்டின் மாதிரியான எஸ்டீஸின் சாட்டர்ன் வி கிட்டும் 1969இல் வந்ததுதான். அதன் பிறகு பல முறை நின்று பல முறை திரும்பியது. 2018இல் தாய் நிறுவனமான ஹாபிகோ திவாலாகி, எஸ்டீஸ் லாங்ஃபோர்டு குடும்பத்தின் கைக்கு மாறியது. மறு ஆண்டே, அப்பல்லோ 11இன் 50ஆம் ஆண்டை ஒட்டி, சாட்டர்ன் வி மறுபடி கடைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்பு ஏலத்தில் வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள். நிலவுப் பயணம் போன்ற நிகழ்வின் ஆண்டு நிறைவு நெருங்கும்போது, அதைச் சேர்ந்த கிட்டை ஏலத்தில் வாங்காதீர்கள்.

பிரிக்காத பாக்கெட் என்பதால் உள்ளே எல்லாம் புதிதாக இருக்கும் என்றும் நம்பக் கூடாது. அப்படி ஒன்றை நான் வாங்கி, மேசையில் வெள்ளைத் தாள் விரித்துப் பிரித்தேன். ராக்கெட்டின் மூக்குக் கூம்பையும் குழாயையும் இணைக்கும் ரப்பர் நாடா விரலில் எடுத்ததுமே மூன்று துண்டானது. மடித்த பாராசூட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரியவில்லை. பால்சா பலகையில் ஃபின்களின் வடிவத்தை மழுங்கிய அச்சு வெட்டாமல் நசுக்கிவைத்திருந்தது. தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீகால் தாள் தேநீர்க் கறை போலப் பழுத்திருந்தது. ரப்பரும் பாராசூட்டும் புதிதாகப் போட்டுவிடலாம். டீகால்தான் உயிர். அதைத் தொடுவதற்கு முன் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பிறகு ஓரத்தில் தேவையில்லாத ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நொறுங்கினால், முழுத் தாளின் மேலும் தெளிவான பூச்சு அடித்துக் காயவிட்ட பிறகே நனைக்க வேண்டும். மஞ்சள் நிறத்தைக் குறைக்க, தாளைச் சில நாள் வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைப்பது பலரும் செய்யும் வழி.

பழைய கிட்டோடு பழைய மோட்டாரும் கிடைத்தால் சிலர் புதையல் கிடைத்தது போல மகிழ்கிறார்கள். நான் பயப்படுகிறேன். மோட்டாருக்குள் இருப்பது அழுத்தி இறுக்கிய கருமருந்து. சுற்றிலும் காகித உறை. கோடையில் கொதித்துக் குளிரில் உறையும் கார் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மருந்தும் உறையும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கி, நடுவே மயிரிழை அளவு இடைவெளி விழும். மருந்தில் விரிசலும் விழலாம். பற்றவைத்ததும் நெருப்பு அந்த இடைவெளியில் ஓடி, சீராக எரிய வேண்டிய மருந்து ஒரேயடியாக எரியும்; உறை வெடிக்கும். வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. உறை ஊறிப் பிரியும்வரை தண்ணீரில் போட்டு அழித்துவிடுவதே சரி.

பழைய கிட்டின் தாளில் சொல்லியிருக்கும் மோட்டார் இன்று கிடைக்காமலும் போகலாம். பி14 அப்படி ஒன்று. எழுத்து மொத்த உந்துதலையும் (உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது), முதல் எண் சராசரி உந்துவிசையை நியூட்டனிலும் குறிக்கும். "அதே பி தானே" என்று பி6 போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மொத்த உந்துதல் ஒன்றுதான். தள்ளும் விசை வேறு. சராசரி உந்துவிசை ராக்கெட்டின் எடையைப் போல் 5 மடங்காவது இருக்க வேண்டும் என்பது கைக்கணக்கு. அதன்படி 14 நியூட்டன் சுமார் 285 கிராமைத் தூக்கும். 6 நியூட்டன் சுமார் 120 கிராமை மட்டுமே. கனமான ராக்கெட் ஏவுகம்பியை விட்டு மெதுவாக நகர்ந்து, காற்றில் சாய்ந்து, ஆட்கள் நிற்கும் பக்கம் திரும்பலாம். 24 மி.மீ. விட்டமுள்ள பெரிய மோட்டார் பொருந்தும்படி உள்குழாயை மாற்றுவது நல்ல தீர்வு. ஆனால் அந்த அளவில் வரும் டி12 மோட்டாரின் எடை 40 கிராமுக்கு மேல். வால் கனத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

இனி நாமே செய்வது. நின்றுபோன பல கிட்டுகளின் செய்முறைத் தாளும் ஃபின் படிவமும் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. குழாய்களின் அளவும் மாறவில்லை. பழைய கிட்டில் இருந்த பிடி-60 என்ற அளவுக் குழாயை இன்றும் வாங்கலாம். ஆக, கிட் திரும்பாவிட்டாலும் ராக்கெட் திரும்பும். இதை நான் முழுமனதோடு சொல்கிறேன். ஆனால் தவறுகள் மிகுதியாக நடப்பதும் இங்கேதான்.

விடுமுறையில் சென்னை வந்திருந்தபோது, இன்டர்செப்டரின் படிவங்களை ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, வளையங்களை வெட்டினேன். மோட்டார்க் குழாயை நடுவில் நிறுத்தும் அந்த வளையம் பெரிய குழாய்க்குள் இறுக்கமாக நுழைய வேண்டும். என் வளையம் உள்ளே போய்க் கலகலவென்று ஆடியது. கத்தி பிசகிவிட்டது என்று நினைத்து மறுபடி வெட்டினேன்; அதுவும் ஆடியது. பிறகுதான் அளந்து பார்த்தேன். 40.5 மி.மீ. இருக்க வேண்டிய வளையம் 39.3 மி.மீ. இருந்தது. ஸ்கேன் எடுத்தது 216 மி.மீ. அகலமுள்ள அமெரிக்கத் தாளிலிருந்து. நம் ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. "தாளுக்குப் பொருத்து" என்ற அமைப்பில் அச்சுப்பொறி எல்லாவற்றையும் 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. வளையம் ஆடியதால் எனக்குத் தெரிந்தது. ஃபின் மட்டும் அச்சிட்டிருந்தால் தெரிந்தே இருக்காது. அச்சிடும்போது 100 சதவீதம் என்று அமைத்து, படிவத்தில் உள்ள அளவுகோலின் மீது எஃகு ஸ்கேல் வைத்துச் சரிபார்த்த பிறகே கத்தியை எடுங்கள்.

ஃபின் வெட்டும்போது பால்சாவின் நார் ஓட்டம் முன்விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் முதல் தரையிறக்கத்திலேயே முறியும்.

இவற்றைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது மூக்குக் கூம்பு. அசல் கூம்பு கிடைக்காமல், அதே வடிவத்தில் வேறு பொருளில் கடைந்ததைப் போடுகிறோம். வடிவம் ஒன்றுதான், எடை வேறு. கனமான பிளாஸ்டிக் கூம்புக்குப் பதில் இலேசான பால்சா வந்தால் ராக்கெட்டின் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். காற்றின் விசை செயல்படும் அழுத்த மையத்துக்குக் குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் ஈர்ப்பு மையம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ராக்கெட் வானத்தில் குட்டிக்கரணம் போடும். அழுத்த மையத்தைக் கணக்கிடும் முறையை நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமேன் 1960களிலேயே கொடுத்துவிட்டார். ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் அதை நொடியில் செய்துதரும். பழைய செய்முறைத் தாளில் "கூம்பின் அடியில் வாஷர் சேர்க்கவும்" என்று ஒரு வரி இருந்தால், அலங்காரத்துக்கு எழுதியது என்று தாண்டிப் போகாதீர்கள்.

நம் ஊரில் இருந்து படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மோட்டார் வெடிபொருள் வகையில் சேர்வதால் விமான அஞ்சலில் வராது. அதனால் வாணத்தில் உள்ள மருந்தை எடுத்துக் குழாயில் அடைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. 1950களின் அமெரிக்காவில், ஸ்புட்னிக் மோகத்தில் சிறுவர்கள் வீட்டிலேயே ராக்கெட் மருந்து கலந்து கைவிரல்களை இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் செய்த மாதிரியிலிருந்து, ஆயத்த மோட்டாரோடு கூடிய இந்தப் பொழுதுபோக்கே வளர்ந்தது. உரிய அனுமதியோடு மோட்டார் கிடைக்கும்வரை உங்கள் ராக்கெட் அலமாரியில் நிற்கட்டும்.

மோட்டார் இருப்பவர்கள், ஏவுவதற்கு முன் அதைச் செருகி, பாராசூட்டையும் மடித்து உள்ளே வைத்து, ராக்கெட் சமமாக நிற்கும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பாருங்கள். மூக்கு போகும் திசையை நோக்கி நின்றால் சரி. பக்கவாட்டில் திரும்பினாலோ வால் முன்னே வந்தாலோ அன்றைக்கு ஏவ வேண்டாம். கூம்புக்குள் சிறிது களிமண் அப்பி, மறுபடி சுற்றிப் பாருங்கள்.