புது டிஸ்க்தானே என்று விட்டுவிடாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ். கம்ப்யூட்டர் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை, கணக்கு மென்பொருளான டேலி திறக்கவே ஐந்து நிமிடம். "ஏனுங்ண்ணா, வைரஸுங்களா?" என்றார் கணக்குப் பார்ப்பவர். ஹார்டு டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் கட்டம், அதாவது எச்சரிக்கை. சி5 வரிசையில் பூஜ்யத்துக்குப் பதில் ஏதோ எண்.

ஹார்டு டிஸ்க் வயதாகித்தான் சாகும் என்பதில்லை. தயாரிப்புக் குறை இருந்தால் முதல் சில மாதங்களிலேயே பல்லைக் காட்டிவிடும். அதனால் புது மெஷின் வந்ததும் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை 05, சி5, சி6 மூன்றையும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டேட்டா பதியும் சிறு பகுதிகள்), சி5 படிக்கத் திணறுபவை, சி6 திருத்தவே முடியாதவை. எண்கள் ஹெக்ஸில் (பதினாறின் அடிப்படையில், எழுத்துகளும் கலந்து) இருக்கும், குழம்ப வேண்டாம். எல்லாம் பூஜ்யமா என்பதே கேள்வி. கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே காப்பி எடுத்துவிட்டு வாரண்டிக்கு அனுப்புங்கள். டிஃப்ராக், ஸ்கேன் என்று அதைப் போட்டு வதைக்காதீர்கள்.

பூஜ்யம் என்றால் நிம்மதியா? இல்லை. 2007இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துத் தரும் இந்த மாதிரி எண்கள்) அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எனவே டேலி டேட்டா தினமும் வேறொரு டிஸ்க்குக்கும் போகட்டும். அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் போடுவது காப்பி ஆகாது; அது பெரும்பாலும் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதிதான். பலபேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

பஞ்சு பறக்கும் ஊர். கேபினெட் ஃபேனையும் மாதம் ஒருமுறை ஊதிவிடுங்கள்.