ஒட்சிசன் தடைப்பட்ட மூளையும் கண் அசைவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைக்கு ஒட்சிசன் தடைப்பட்டு வந்தவரின் இமையை விரித்துப் பார்த்துவிட்டு உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் எழுதும் குறிப்புகளைப் படிக்கும்போது, நான் விட்ட அதே பிழைகள் நினைவுக்கு வருகின்றன. மங்கிய டோர்ச் லைற்றால் வரும் பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

அலையும் கண், தேடும் கண் அன்று

குளத்தில் மூழ்கி மீட்கப்பட்ட சிறுவனின் கண்கள் இடமும் வலமுமாக மெதுவாக ஊர்ந்தால், "என்னைத்தான் தேடுறான்" என்பார் தாய். தலையாட்டிவிடாதீர்கள். அந்த அலைவு மூளைத்தண்டு ஓரளவு இயங்குவதைக் காட்டுமேயன்றி, நினைவு திரும்பியதைக் காட்டாது. முகம் பார்க்கும் கண்ணாடியை நேரே பிடித்து நகர்த்திப் பாருங்கள். பேனையைத் தொடராத கண் சில வேளைகளில் தன் முகத்தைத் தொடரும்.

அசையாத கண்ணெல்லாம் மூளைச்சேதம் என்று எழுதுவது

இதை இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் வயற்காவலுக்குப் போய்க் கொட்டில் நிலத்தில் படுத்த இளைஞர் ஒருவர், விடியற்காலையில் மூச்சு நின்ற நிலையில் கொண்டுவரப்பட்டார். செயற்கைச் சுவாசம் கொடுத்தபின், கண்கள் எதிர்ப்புறம் நகர்கின்றனவா என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன். கண்கள் அசையவில்லை, விரிந்த கண்மணிகள் ஒளிக்குச் சுருங்கவில்லை. மூளை மீளாது என்று கட்டிலருகிலேயே தாயிடம் சொன்னேன். தாய் அழும்போதெல்லாம் இதயத்துடிப்பு ஏறுவதைக் கவனித்தவர் இரவுப் பணியிலிருந்த தாதி. பல நாட்களின் பின் சுவாசக் குழாய் அகற்றப்பட்டதும் அந்த இளைஞர் என்னிடம் சொன்னார்: "டொக்டர், நீங்கள் அம்மாட்டைச் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது."

அவரைக் கடித்தது கண்டங்கருவளைப் பாம்பு. அதன் நஞ்சு நரம்பு தசையைத் தொடும் முனையைச் சிதைப்பதால் இமையும் கண் தசைகளும் முதலில் செயலிழக்கும். கடிவாய் தெரியாமலும் போகலாம். நஞ்செதிர் மருந்து கொடுத்தாலும் அசைவு திரும்ப நாட்கள் எடுக்கும். ஆகவே எங்கே படுத்தார், வயிறு நொந்ததா, மூச்சு நிற்குமுன் இமை சரிந்ததா, பேச்சுக் குழறியதா என்று கூட்டிவந்தவரிடம் கேளுங்கள். வழியில் மூச்சு நின்றிருந்தால் மூளையும் தாக்கப்பட்டிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் தசை வாதம் விலகுமுன் கண்ணை வைத்து அதை அளக்க முடியாது.

கழுத்து

கிணற்றில் விழுந்தவரின் கழுத்தெலும்பு முறியவில்லை என்று உறுதியாகும்வரை கண் அசைவைப் பார்க்கத் தலையைத் திருப்பாதீர்கள்.

அவசரத் தீர்ப்பு

நின்ற இதயம் மீண்டு 72 மணித்தியாலம் ஆகி, மயக்க மருந்தும் விலகும்வரை கண்மணியை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

இறங்கும் கண்

மெதுவாக இறங்கி விரைந்து ஏறினால் ஒட்சிசன் குறைவை நினையுங்கள். விரைந்து இறங்கி மெதுவாக ஏறினால், மூளைத்தண்டின் நடுப்பகுதியான வரோலியின் பாலத்தில் சேதத்தை.

மேல்நோக்கி நின்ற கண்

இமையும் துடித்தால் வலிப்பாக இருக்கலாம். மூளை மின் அலைப் பதிவு (EEG) கேளுங்கள்.